கொழும்பில் கண்ட பறவையைப் பதிவது, படமெடுப்பது, பகிர்வது: முழுமையான வழிகாட்டி

பறவை பார்ப்பவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும் செய்தி இது: மங்கலான ஒரு படம், கீழே "இது என்ன பறவை?" என்று ஒரு வரி. எங்கே கண்டது, எத்தனை மணிக்கு, ஒன்றா பத்தா, என்ன செய்துகொண்டிருந்தது, எதுவும் இருக்காது. நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். ஐந்தாமவர் கைதட்டும் ஸ்டிக்கர் போடுவார். அடுத்த நாள் வரும் காலை வணக்கப் படங்களுக்குள் அது காணாமல் போய்விடும்.

அதே மங்கலான படத்தோடு இடம், திகதி, நேரம், எண்ணிக்கை என்று நாலு விபரம் இருந்தால் அது ஒரு பதிவு. ஐந்து வருடம் கழித்து யாரென்றே தெரியாத ஒருவர் அதை எடுத்து, இந்தப் பறவை கொழும்புக்கு ஒக்டோபரில் எந்தக் கிழமையில் வருகிறது என்று கணக்குப் பார்க்கலாம். அழகான படத்தைவிட விபரமுள்ள படம்தான் பெறுமதியானது என்பது என் கட்சி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கட்சியில் நின்றுதான் பேசும்.

கொழும்பில் இருப்பவருக்கு இது லேசான காரியம். 2018இல் முதற்தடவையாக, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரங்கள் என்று உலகில் 18 நகரங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தபோது கொழும்பும் அதில் ஒன்று. கால்வாய், வாவி, சதுப்பு என்று பஸ் போகும் தூரத்திலேயே எல்லாம் கிடக்கின்றன.

முதலாவது படி: ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிங்கராஜக் காட்டையும் குமண தேசியப் பூங்காவையும் பற்றிக் கனவு காண்பார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் பதிவு என்று வந்தால், திரும்பத் திரும்பப் போகக்கூடிய ஒரு இடம்தான் முதலில் வேண்டும். வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு அது வீட்டுப் பல்கணியாகவே இருக்கலாம். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பத்து நிமிடம் நின்றால் காகம், மைனா, பச்சைக்கிளி, செம்பருந்து, கடல் பக்கமாகப் போகும் நீர்க்காகம் என்று ஒரு பட்டியல் வந்துவிடும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி ஆட்களுக்குக் காக்கைத்தீவுக் கடற்கரையும் களனி கங்கை கடலில் விழும் இடமும் கிட்ட. நகரின் நடுவே விகாரமகாதேவிப் பூங்காவும் பேரை வாவியும் இருக்கின்றன. வாவியில் கூழைக்கடாக்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் மிதப்பதால், படமெடுத்துப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

கொஞ்சம் வெளியே போனால் கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலவத்துகொடையில் தியசரு பூங்கா, பத்தரமுல்லைக்கு அப்பால் தலங்கம வாவி, தெகிவளைக்கும் பொரலஸ்கமுவைக்கும் இடையில் 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில – அத்திடிய. முதல் இரண்டிலும் நுழைவுச்சீட்டு வாங்கி மரப்பலகைப் பாதையில் நடக்கலாம், பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். தலங்கம வாவி திறந்தவெளி. கரை வீதியில் நின்றபடியே நீளவால் இலைக்கோழியையும் நீலத் தாழைக்கோழியையும் பார்க்கலாம். ஒரே ஒரு இடத்தைச் சொல் என்றால் நான் தலங்கமவைத்தான் சொல்வேன். 2007இல் அதைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். அப்படியிருந்தும் சுற்றிவர வீடுகள் எழும்பிக்கொண்டே இருப்பதால், அங்கே எடுக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் கனம் கூட.

நேரம் காலை ஆறிலிருந்து எட்டரை வரை. ஒன்பதுக்குப் பிறகு பறவையும் ஒதுங்கிவிடும், வெளிச்சமும் படத்துக்கு ஆகாது. பின்னேரம் ஐந்துக்குப் பிறகு கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைவதற்குத் திரும்பும்போது எண்ணுவதற்கு நல்லது. பருவத்தைக் கேட்டால், செப்டெம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வலசைப் பறவைகள் இருக்கும். ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி கொழும்பு வீட்டுத் தோட்டங்களில் இறங்கும். பறந்து களைத்த சில, ஜன்னல் கண்ணாடியில் மோதி விறாந்தையில் விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் காற்றுத்துளை போட்ட மட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீர் பருக்க வேண்டாம், தெளிந்த பிறகு தோட்டத்தில் திறந்துவிட்டால் போதும். செத்துக் கிடந்தாலும் படமெடுத்துத் திகதியோடு பதியுங்கள். அதுவும் ஒரு பதிவுதான்.

ஒரு பக்கப்பேச்சு. பாராளுமன்றச் சுற்றாடல், துறைமுகம், கோட்டைப் பகுதி, இராணுவ முகாம்கள் இருக்கும் பக்கமெல்லாம் நீண்ட லென்ஸையும் தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு நின்றால் யாராவது வந்து விசாரிப்பார்கள். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு அந்த உரையாடல் கொஞ்சம் நீளலாம் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. அட்டையைக் கையில் வைத்திருங்கள், லென்ஸைக் கட்டடங்கள் பக்கம் திருப்பாதீர்கள், எடுத்த பறவைப் படத்தைக் காட்டுங்கள். அநேகமாக விசாரிக்க வந்தவரே "இந்த மரத்தில் ஆந்தை ஒன்று இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டாவது படி: கண்டவுடன் குறித்துக்கொள்வது

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எண்ணிக்கை மறந்துபோகும். சட்டைப்பைக்குள் போகும் சின்னக் கொப்பியோ கைபேசியோ, எதுவானாலும் சரி, அந்த இடத்திலேயே எழுதவேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், கூட வந்தவர்கள் எத்தனை பேர். பறவைக்குப் பக்கத்தில் எண்ணிக்கை.

எண்ணுவதில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். "நிறைய" என்று எழுதினால் பிறகு யாருக்கும் பிரயோசனமில்லை. கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டு, அப்படி எத்தனை பத்து இருக்கிறது என்று பாருங்கள். சீழ்க்கைச் சிறகிகள் என்ற வாத்துகள் தண்ணீரில் அடைசலாக இருக்கும்போது இது நன்றாக வேலை செய்யும். அறுபதை எழுபது என்று எழுதினாலும் "நிறைய" என்பதைவிட மேல்.

அடையாளம் தெரியாததையும் எழுதுங்கள். அளவு (மைனா அளவா, காக அளவா), சொண்டின் வடிவம், காலின் நிறம், கண்ணுக்கு மேலே கோடு இருந்ததா, வாலை ஆட்டியதா, சத்தம் எப்படி. சத்தத்தைக் கைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். தெரியாத சத்தத்தை அலட்சியப்படுத்தக்கூடாது என்பதற்கு இலங்கையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. பறவையியலாளர் தீபால் வறக்காகொட 1995இல் கித்துள்கல காட்டில் கேட்ட இனந்தெரியாத ஒரு குரலை மனதில் வைத்திருந்தார். 2001இல் சிங்கராஜவில் அதன் சொந்தக்காரனைக் கண்டார். 2004இல் அது அறிவியலுக்கே புதிய ஆந்தை என்று அறிவிக்கப்பட்டது. செரண்டிப் ஆந்தை என்கிறோமே, அதுதான்.

மூன்றாவது படி: படம்

முதலில் கமெராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். பற்றரி கழற்றி மாட்டியதில் திகதி மாறியிருந்தால், படத்தோடு போகும் நேரம் முழுக்கப் பொய்யாகிவிடும். இரண்டு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

பறவையைக் கண்டதும் இருக்கும் இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்துவிடுங்கள். எவ்வளவு தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு நாலு எட்டு வைத்து இன்னொன்று. பறவை மேய்வதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கத் தொடங்கினால் அதற்கு மேல் போகவேண்டாம், போதும். கிட்டப் போய் நல்ல படம் எடுக்கலாம் என்று காத்திருந்து ஒரு படமும் இல்லாமல் திரும்புபவர்களைத்தான் பெத்தகானவில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையக் காணலாம்.

அடையாளம் காண உதவும் படம் வேறு, சுவரில் மாட்டும் படம் வேறு. அடையாளத்துக்குச் சொண்டு, கால், முதுகு, வாலின் அடிப்பக்கம், பறக்கும்போது சிறகு எல்லாம் வேண்டும். ஆகவே ஒரே கோணத்தில் முப்பது படம் எடுப்பதைவிட, முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று பறவை திரும்பும்போதெல்லாம் ஒன்று எடுங்கள். கால் தெரியாத கொக்கின் படம் பாதிப் படம்தான். ஏன் என்று அடுத்த படியில் வரும்.

கமெரா வைத்திருப்பவர்களுக்கு: இருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் ஐந்நூறில் ஒரு செக்கன், பறக்கும் பறவைக்கு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதைவிட வேகம். வெளிச்சம் காணாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கமெராவின் ஒளியுணர்வை, கூட்டுங்கள். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தில் பறவையை அடையாளம் காணலாம், அசைந்து கலங்கிய படத்தில் முடியாது. கொக்கை வெயிலில் எடுத்தால் வெள்ளை முழுக்க வெளுத்து இறகின் கோடுகள் மறைந்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். வானத்தை முதுகுக்கு வைத்துக்கொண்டு மரத்தில் இருக்கும் பறவைக்கு நேர்மாறாக, ஒரு படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு நிழல்தான் கிடைக்கும்.

கைபேசி மட்டும்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். திரையில் பறவையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். எட்டு மடங்கு தொலைநோக்கி ஒன்று இருந்தால், கண் வைக்கும் பக்கத்தில் கைபேசி லென்ஸைப் பொருத்திப் பிடித்து எடுக்கலாம். கை நடுங்கும், வட்டமான கறுப்பு ஓரம் விழும், ஆனாலும் தலங்கமவில் வாவியின் மறுகரையில் நிற்கும் நத்தைகுத்தி நாரையின் சொண்டு இடைவெளி தெரியுமளவுக்குப் படம் வரும்.

நான்காவது படி: பெயரைத் தீர்மானிப்பது

கொழும்பில் "வெள்ளைக் கொக்கு" என்று எழுதிவிட்டுப் போக முடியாது. நாலு வகை இருக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்தில் ஒரு காலை முன்னால் நீட்டி, சேற்றை நடுக்கிக் கலக்கி, ஓடி வெளிவரும் மீனைக் கொத்துகிறதே, அது சின்ன வெண்கொக்கு. காலைத் தூக்கும்போது பாருங்கள். கால் முழுக்கக் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள் காலுறை போட்டதுபோல. சொண்டு கறுப்பு. விரல் சேற்றுக்குள் இருந்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும், அதனால்தான் அது அடுத்த எட்டு வைக்கும்வரை காத்திருந்து எடுக்கச் சொல்கிறேன். குப்பைமேட்டிலும் புல்வெளியிலும் மாட்டுக்குப் பின்னாலும் திரிவது உண்ணிக்கொக்கு. கட்டையான மஞ்சள் சொண்டு, தாடி வைத்ததுபோல் தொங்கும் தாடை, இனப்பெருக்க காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சள். சிக்கல் வருவது பெரிய வெண்கொக்கிலும் நடுத்தர வெண்கொக்கிலும். உயரத்தை நம்பாதீர்கள், தனியாக நின்றால் எல்லாமே உயரமாகத்தான் தெரியும். வாய்க்கோட்டை, அதாவது சொண்டு பிளக்கும் கோடு முகத்தில் பின்னால் போகும் பகுதியை, பாருங்கள். அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரம். சொண்டின் நிறமும் ஏமாற்றும், இனப்பெருக்க காலத்தில் பெரிய வெண்கொக்குக்குக் கறுப்பாகிவிடும்.

மரங்கொத்தி இன்னொரு சுவையான விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் ஊரில் தென்னையில் கண்டது பொன்முதுகு மரங்கொத்தி. இங்கே அதே அளவு, அதே கத்தல், ஆனால் முதுகு சிவப்பு. இது இலங்கைக்கு மட்டுமே உரிய செம்முதுகு மரங்கொத்தி. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதிகளில் கலப்பு நிறத்திலும் காணலாம். ஆகவே "பொன்முதுகு" என்று பழக்கதோஷத்தில் பதியாமல் முதுகைப் படமெடுங்கள். சொண்டையும் எடுங்கள். ஈரவலயக் காடுகளில் சிவப்பு முதுகோடு இன்னொரு பெரிய மரங்கொத்தி இருக்கிறது, அதன் சொண்டு தந்தம் போல வெளிறியிருக்கும். நம் தோட்டத்து ஆளுக்கு அது கறுத்திருக்கும்.

குழுக்களில் மாதாமாதம் வரும் இன்னொரு கேள்வி, உடம்பெல்லாம் புள்ளி போட்ட நீண்டவால் பறவை, "பருந்தா, வல்லூறா?" என்று. பத்துக்கு ஒன்பது அது பெண்குயில். ஆணின் கூவலை எல்லோருக்கும் தெரியும், பெண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காகத்திலும் இரண்டு உண்டு: கழுத்து சாம்பலாக இருப்பது வீட்டுக்காகம், முழுக்கக் கறுத்துச் சொண்டு தடித்தது காட்டுக்காகம். வெறுமனே "காகம் 20" என்று எழுதாதீர்கள்.

மேர்லின் செயலி படத்தைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் பெயர் சொல்லும், இலவசம். நம் பகுதிக்குரிய பறவைப் பொதியை வீட்டில் வைபையில் இறக்கிக்கொண்டால் வெளியில் டேட்டா இல்லாமலும் ஓடும். ஆனால் அது சொல்வதைத் துப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பு என்று எடுக்கவேண்டாம். பறவையைக் கண்ணால் கண்டோ, குரலைக் காதால் கேட்டு உறுதிப்படுத்தியோ இல்லாமல், திரையில் பெயர் வந்தது என்பதற்காகப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. தீர்மானிக்க முடியாவிட்டால் "கொக்கு இனம், வகை தெரியாது" என்று பதிய வழி இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாவது படி: ஈபேர்டில் பதிவது

குழுவில் போடுவதற்கு முன் ஈபேர்டில், அதாவது உலகெங்கும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையத்தளத்தில், பதியுங்கள். இந்த வரிசை எனக்கு முக்கியம். வட்ஸ்அப்பில் போட்டுப் பாராட்டு வாங்கிய பிறகு யாருக்கும் பட்டியல் எழுதும் மனம் வராது. ஈபேர்ட் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகம் நடத்துவது, 2002இல் தொடங்கியது, கணக்குத் திறக்கக் காசு இல்லை. கைபேசிச் செயலியைத் திறந்து, நடக்கத் தொடங்கும்போதே பட்டியலையும் தொடக்கிவிட்டால் நேரத்தையும் தூரத்தையும் அதுவே அளந்துகொள்ளும்.

இடம் கேட்கும். தலங்கம, பெத்தகான, தியசரு போன்ற பேர்போன இடங்கள் பொது இடங்களாக ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கும், அதைத் தெரிவுசெய்யுங்கள். புதிதாக நீங்கள் ஒரு புள்ளி வைத்தால் ஒரே வாவிக்கு நூறு பெயர் வந்துவிடும். வீட்டுப் பல்கணிக்குச் சொந்தப் புள்ளி வைக்கலாம். அதன் பெயரும் இடமும் வெளியே தெரியும் என்பதை மறக்கவேண்டாம். வீட்டு இலக்கத்தையும் மாடி இலக்கத்தையும் எழுதாமல் "வெள்ளவத்தை" என்று மட்டும் போட்டு, புள்ளியைச் சந்திக்கு நகர்த்தி வைத்தால் போதும். பெண்பிள்ளைகள் தனியாகப் பதிவு செய்யும் வீடுகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பிறகு எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்கும். ஒரே இடத்தில் நின்றீர்களா, நடந்தீர்களா, அல்லது வேறு வேலையாகப் போகும்போது தற்செயலாகக் கண்டீர்களா. உண்மையைச் சொல்லுங்கள், மூன்றும் மூன்று விதமாகப் பயன்படும். நடை என்றால் எட்டுக் கிலோமீற்றருக்குள் ஒரு பட்டியலை முடிப்பது நல்லது. தலங்கமவைச் சுற்றிவிட்டு ஓட்டோ பிடித்து தியசருவுக்குப் போனால் அது இரண்டு பட்டியல்.

கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட பறவைகள் எல்லாவற்றையும் பதிந்தீர்களா? இதுதான் முழுப் பட்டியலின் உயிர். காகத்தையும் மைனாவையும் புலுனியையும் "இதையெல்லாம் எழுதுவதா" என்று விட்டிருந்தால் "இல்லை" என்று சொல்லவேண்டும். எல்லாம் எழுதியிருந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்றைக்கு உங்கள் கண்ணில் படவில்லை என்று ஆய்வாளர் கணக்கில் எடுக்க முடியும். அரிய பறவைக்கு மட்டும் கொப்பியைத் திறப்பவரின் பதிவுகளைவிட, தினமும் காகத்தை எண்ணும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பட்டியல் எனக்குப் பெரிசு. வீட்டுக்காகம் குறைந்ததா கூடியதா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அவர்தான்.

கூட வந்தவர்கள் தனித்தனியே பட்டியல் போடவேண்டியதில்லை. ஒருவர் போட்டு மற்றவர்களோடு பகிரலாம். அப்போது ஒரே கூழைக்கடா நாலு தடவை எண்ணப்படாது.

பட்டியலை அனுப்பிய பிறகு, இணையத்தளத்தில் அதைத் திறந்து அந்தந்தப் பறவைக்குக் கீழே படத்தையும் ஒலியையும் சேர்க்கலாம். மூலக் கோப்பின் அளவிலேயே ஏற்றுங்கள். பறவை சின்னதாகத் தெரிந்தால் சுற்றுப்புறத்தை வெட்டலாம். ஆனால் ஓரச்சட்டம், பெரிய கையெழுத்து, இரண்டு மூன்று படத்தை ஒட்டிய கொலாஜ் எல்லாம் வேண்டாம். படத்தின் உரிமை உங்களிடம்தான் இருக்கும்.

வழக்கத்துக்கு மாறான பறவையோ எண்ணிக்கையோ வந்தால் செயலி விபரம் கேட்கும். "கண்டேன்" என்று எழுதினால் காணாது. என்ன நிறம், எவ்வளவு தூரத்தில், வேறு எந்த இனமாக இருக்கமுடியும், அது ஏன் இல்லை என்று நாலு வரி எழுதுங்கள். உள்ளூரில் பறவை அறிந்த தொண்டர் ஒருவர் அதைப் பார்த்துச் சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல் போடுவார். அதை அவமானமாக எடுத்துக் கோபித்துக்கொண்டு கணக்கையே மூடியவர்களும் உண்டு. படம் இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் நினைவிலிருப்பதை எழுதுங்கள். பிழை என்று விளங்கினால் திருத்துவது இரண்டு தட்டு வேலை.

ஆறாவது படி: குழுவில் போடுவது

சரி, இப்போது வட்ஸ்அப்புக்கு வருவோம். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நெருக்கிச் சுருக்கும், உள்ளே இருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும். அடையாளம் கேட்டு ஒருவருக்கு அனுப்புவதென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், மூலப்படம் அப்படியே போகும். அந்தக் கோப்பில் ஜீபீஎஸ் புள்ளியும் சேர்ந்து போகும் என்பதால், பறவைக் கூட்டின் படத்தையோ வீட்டில் எடுத்த படத்தையோ பெரிய குழுவுக்கு அப்படி அனுப்பக்கூடாது. அதற்குச் சாதாரண வழியே நல்லது.

செய்தி இப்படி இருந்தால் போதும்:

செம்முதுகு மரங்கொத்தி, ஆண் 1, பெண் 1
தியசரு பூங்கா, தலவத்துகொட
12.10.2025 ஞாயிறு, காலை 7.15
பட்டுப்போன மரத்தில் கொத்திக்கொண்டிருந்தன. ஆணின் உச்சி முழுக்கச் சிவப்பு, பெண்ணுக்கு நெற்றிப்பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளி.
ஈபேர்டில் பதிந்தாயிற்று.

கலப்புக் குழு என்றால் தமிழ்ப் பெயரோடு, எல்லோரும் பாவிக்கும் ஆங்கிலப் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். சிங்கள நண்பர்களும் உடனே பிடித்துக்கொள்வார்கள். அடையாளம் தெரியாவிட்டால் "இது என்ன?" என்று மொட்டையாகக் கேட்காமல், "இது நடுத்தர வெண்கொக்கு என்று நினைக்கிறேன், வாய்க்கோடு கண்ணைத் தாண்டவில்லை, சரியா?" என்று கேளுங்கள். பதில் சொல்பவருக்கும் ஒரு பிடி கிடைக்கும், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

மூத்தவர் ஒருவர் பிழையான பெயர் சொன்னால் என்ன செய்வது? நம் குழுக்களில் இது சங்கடமான இடம். "சேர், சொண்டு கறுப்பாகத் தெரியுது, சின்ன வெண்கொக்காக இருக்குமோ?" என்று படத்தைக் காட்டிக் கேளுங்கள். பறவையைப் பற்றிப் பேசும்வரை யாரும் கோபிப்பதில்லை. அடுத்தவர் எடுத்த படத்தைப் பெயர் வெட்டி முன்னனுப்புவது மட்டும் மன்னிக்க முடியாதது. கேட்டு, பெயர் போட்டு, பிறகு பகிருங்கள்.

ஏழாவது படி: எதைப் பகிரக்கூடாது

கூடு, முட்டை, குஞ்சு. இந்த மூன்றின் இடத்தையும் பொதுவில் சொல்லவேண்டாம். பச்சைக்கிளிக் குஞ்சுகளையும் மலைமைனாக் குஞ்சுகளையும் பொந்திலிருந்து எடுத்து விற்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, பெரும்பாலான காட்டுப்பறவைகளைப் பிடிப்பதும் கூட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். சட்டம் இருந்தென்ன, "கிளிக்கூடு, இன்ன ஒழுங்கையில் மூன்றாவது தென்னை" என்று பேஸ்புக்கில் போட்டால் சட்டம் வருவதற்கு முன் ஏணி வந்துவிடும். கூட்டுக்கு முன்னால் கிளையை ஒதுக்கிப் படமெடுப்பதும் அப்படித்தான். முட்டை, குஞ்சைத் தூக்கக் காத்திருக்கும் காகம் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும்.

பகலில் அடைந்திருக்கும் ஆந்தையையும் இதே கணக்கில் சேருங்கள். ஈபேர்டில் பதியலாம், ஆனால் குழுவில் அது அந்த மரத்தை விட்டுப் போனபிறகு, "கோட்டே பக்கம்" என்ற அளவில் சொன்னால் போதும். நேரடி லொக்கேஷன் அனுப்பினால் அரை மணிநேரத்தில் பத்து லென்ஸ் கீழே நிற்கும். ஈரநிலப் பூங்காவின் பலகைப் பாதை இரண்டு பேர் ஒருவரையொருவர் கடக்கவே காணாது. மேர்லினில் இருக்கும் குரலை உரத்துப் போட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் வேண்டாம். தன் இடத்துக்குள் எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டு அலையும்.

கூட்டாகச் செய்ய நினைத்தால்

தனியாகப் பழகிய பிறகு, எண்ணிக்கை நாட்களில் சேர்ந்துகொள்ளலாம். மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை ஈபேர்டின் உலகப் பெருநாள் (Global Big Day), ஒரே நாளில் உலகம் முழுக்கப் பறவை எண்ணுவது. ஆனால் மேயில் நம் வலசைப் பறவைகள் ஊருக்குப் போய்விடும், பட்டியல் கொஞ்சம் சோர்வாகத்தான் இருக்கும். ஒக்டோபர் பெருநாள் நமக்குத் தோதானது. பெப்ரவரியில் நாலு நாள் வரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு பாடசாலைப் பிள்ளைகளுக்கு மிக நல்லது, பதினைந்து நிமிடம் போதும். சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987இலிருந்து நடப்பது. கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு 1976இலிருந்து இருக்கிறது, இலங்கைப் பறவைக் கழகம் 1943இலிருந்து. கூட்டங்களில் தமிழ் கேட்பது குறைவுதான். போய்ப் பழகினால் யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை, எல்லோரும் பறவை பாஷைதான் பேசுகிறார்கள்.

எட்டாவது படி: சேமித்து வைப்பது

கைபேசி தொலைவது கொழும்பு பஸ்ஸில் சாதாரண விஷயம். வாரத்துக்கு ஒருமுறை படங்களைக் கணினியிலோ வெளி டிஸ்க்கிலோ இறக்குங்கள். கமெரா கொடுக்கும் இலக்கப் பெயரை மாற்றி, ஆண்டு, மாதம், திகதி, இடம், பறவை என்ற வரிசையில் பெயர் வையுங்கள்: 2025-10-12 தியசரு செம்முதுகு மரங்கொத்தி 01. ஆண்டு முதலில் வந்தால் கோப்புகள் தானாகவே கால வரிசையில் நிற்கும். ஒரு காலையில் எடுத்த இருநூறில் ஆறு ஏழு வைத்தால் போதும், மற்றவற்றை அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு முன், மங்கலாக இருந்தாலும் அடையாளம் தெரியாத பறவையின் படத்தை ஒதுக்கி வேறொரு கோப்புறையில் போடுங்கள். ஈபேர்டில் உங்கள் பதிவுகள் முழுவதையும் ஒரே அட்டவணைக் கோப்பாகத் தரவிறக்க முடியும். ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் லீவில், அதையும் இறக்கிப் படங்களோடு வைத்துவிடுங்கள். பெயர் தெரியாத அந்தக் கோப்புறையைத் திறந்து பார்க்கவும் அதுதான் தோதான நேரம். ஜனவரியில் தெரியாமலிருந்த பறவைகளில் பாதியை டிசம்பரில் நீங்களே சொல்லிவிடுவீர்கள். அப்போது பழைய பட்டியலைத் திறந்து பெயரைத் திருத்தி, படத்தையும் ஏற்றிவிடலாம். ஈபேர்ட் எத்தனை வருடம் கழித்தும் திருத்த விடும்.